முன்னால் போன கார்

எங்கள் வீட்டில் ஒரிஜினல் எதுவும் வாசலைத் தாண்டாது. பாஸ்போர்ட், விசாத் தாள், டிகிரி சர்டிபிகேட் எல்லாம் அமெரிக்காவில் எங்கள் பிளானோ வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும். வெளியே போனால் ஜெராக்ஸ்தான். அதையும் என் கணவர் லேமினேட் செய்துவிடுவார். ஒரிஜினல் தொலைந்தால் வாழ்க்கையே போச்சு என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

போன வருடம் அவருடைய ஆபீஸ் நண்பருடன் டெக்சாஸின் தென்கோடிக் கடற்கரைக்குப் போனோம். நண்பர் இங்கிலாந்துக்காரர். எங்களைப் போலவே வேலை விசாவில் வந்தவர். திரும்பும்போது அவர் கார் முன்னால், எங்கள் கார் பின்னால். மெக்சிகோ எல்லைப் பக்கம் என்பதால் வழியில் குடியேற்றச் சோதனைச் சாவடி. வெளிநாட்டுக்காரர்கள் ஒரிஜினலைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம்தான். இந்த ஆட்சியில் அதற்கு உயிர் வந்துவிட்டது, அதுவும் ஆளைப் பார்த்து.

நண்பரின் காருக்கு அதிகாரி கையசைத்து வழிவிட்டார். எங்களை ஓரங்கட்டச் சொன்னார். கணவர் நீட்டிய ஜெராக்ஸை அவர் வாங்கக்கூட இல்லை. கணவரை மட்டும் இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். எங்காவது அடைத்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கம்ப்யூட்டரில் எதையெதையோ தேடிப் பார்த்துவிட்டு, ஒருவழியாக விட்டார்கள்.

அடுத்த பெட்ரோல் பங்கில் நண்பர் காத்திருந்தார். தன்னை எதுவுமே கேட்கவில்லை, தன் பாஸ்போர்ட்டும் வீட்டில்தான் என்றார். நல்ல மனுஷன், நிஜமாகவே வருத்தப்பட்டார். அடுத்த தடவை தன் காரிலேயே வரச் சொன்னார்.

காரில் ஏறியதும் கணவர், "நல்ல ஐடியாதான், இல்ல?" என்றார்.

"நாம என்ன திருட்டுத்தனமாவா வந்தோம், இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு போறதுக்கு?" என்று கத்தினேன்.

"உள்ள உட்கார்ந்தது நான்தானே. அங்க ரூல் பேச முடியாதும்மா."



இந்த வருடம் மறுபடி அதே சாலை. நண்பர் ஓட்டினார், பக்கத்தில் கணவர், பின்சீட்டில் நான். இந்தத் தடவை ஒரிஜினல் எல்லாம் என் கைப்பையில் இருந்தன. சட்டப்படி பயப்பட ஒன்றுமில்லை. அதிகாரி குனிந்து நண்பரின் முகத்தை மட்டும் பார்த்தார், போகச் சொல்லிக் கையசைத்தார். 'அப்பாடா' என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.