மேட்டுக்காட்டுக்கு வந்த சீட்டு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று நான் சொன்னால் கோபப்படுவார்கள். படட்டும். மூளை உள்ளவர்கள் செய்கிற காரியமா அது? மண்ணைச் சோதித்துச் சொல்கிறோம் என்று அரசாங்கம் வந்தால், மண்ணைச் சிங்காரித்துக் கொடுத்த ஊர் இந்த மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதில் முதல் ஆள் நான்.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, சரியாக நினைவில்லை. எனக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடம். மலை முழுக்கக் குச்சிக்கிழங்குப் பைத்தியம், அதுதான் மரவள்ளிப் பைத்தியம், தலைக்கேறியிருந்த சமயம். கீழ்நாட்டு ஜவ்வரிசி மில்லுக்காரர்கள் ரோட்டோரம் லாரியை நிறுத்தித் தோண்டத் தோண்ட வாங்கிக்கொண்டு போனார்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்த காடெல்லாம் கிழங்குக் காடாயிற்று. புது ரகக் குச்சி வந்தது, யூரியா வந்தது, பொட்டாஷ் வந்தது, களைக்கு ஒரு மருந்தும் பூச்சிக்கு ஒரு மருந்தும் வந்தன. காலி உரச்சாக்கு குளிக்கிற இடத்துக்கு மறைப்பாயிற்று, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காடையும் ஆயிற்று.

இப்போது பட்டணத்திலிருந்து வருகிறவர்கள், ஐயோ சாமையை விட்டுவிட்டீர்களே என்று கன்னத்தில் கை வைக்கிறார்கள். சாமையை உரலில் போட்டு இடித்தவள் நான். ஒரே ஒரு நாள் இடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வந்து பேசட்டும். கிழங்கு வந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. உரம் யாரையும் ஏமாற்றவில்லை, போட்ட இடத்தில் விளைந்தது. ஏமாற்றியது நாங்கள்.

விவசாய ஆபீசர் ஜீப்பில் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார். காட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லா மண்ணையும் கலந்து, அதில் அரைக்கிலோவைத் துணிப்பையில் கட்டிக் கொடுங்கள், எந்தச் சத்து குறைச்சல் என்று சீட்டு தருகிறோம், அதைப் பார்த்து உரம் போடுங்கள் என்றார். நல்ல விஷயம்தான். ஏன் அப்படி எடுக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இன்னும் மூன்று ஊர் பாக்கியாம், அவசரம். கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை. ஜீப் திரும்பியதும் ஆளுக்கொரு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். மண் மட்டம் என்று சீட்டு வந்தால் பாரஸ்ட்காரன் காட்டை எடுத்துக்கொள்வான் என்றார் ஒருவர். நல்ல மண் என்று வந்தால் பவர் டில்லர் இனாமாகக் கிடைக்கும் என்றார் இன்னொரு மேதாவி.

என் மாமனாருக்கு மானம்தான் பெரிது. "பொண்ணு பாக்க வாரவங்களுக்குக் கிழிஞ்ச சீலையிலயா பொண்ணக் காட்டுவோம்? மேட்டுக்காட்டுல பலா மரத்தடியில நல்ல மண்ணாப் பாத்து எடுத்துட்டு வா கண்ணு" என்று என் கையில் பையைக் கொடுத்தார்.

எங்களுக்கு இரண்டு காடு. ஓடையை ஒட்டிப் பள்ளக்காடு, எதை ஊன்றினாலும் முளைக்கிற பூமி, அதைச் சோதிக்கவே வேண்டியதில்லை. ரோட்டை ஒட்டி மேட்டுக்காடு, கல்லும் செம்மண்ணுமான சரிவு. சாமை மட்டும் அங்கே எப்படியோ பிழைத்துக் கிடந்தது. அந்த மேட்டுக்கு ஏற எனக்கு அன்றைக்கு உடம்பு வணங்கவில்லை. இடுப்பில் பிள்ளை, அடுப்பில் களி. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எருக்குழி ஓரமாக நாலு கொத்து கொத்தினேன். கறுகறுவென்று பொலபொலத்த மண். கல்லைப் பொறுக்கி, முறத்தில் புடைத்து, மாவு மாதிரி சலித்துப் பையில் கட்டினேன். ஆபீசர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில்தான் சுத்தமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று மாமனாரைப் பாராட்டினார். எருவுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மனுஷருக்கு அரசாங்கம் ஒரு ஜீப் கொடுத்து வைத்திருந்தது.

சீட்டு வந்தது. மேட்டுக்காட்டு சர்வே நம்பரைப் போட்டு, தழைச்சத்து அதிகம், மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து அதிகம், உரம் தேவையில்லை என்று எழுதி சீல் குத்தியிருந்தது. மாமனார் அதற்குச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். நான் வாய்க்குள்ளே சிரித்துக்கொண்டு சாணி அள்ளப் போனேன். அவர் இருந்தவரைக்கும் மேட்டில் சாமையே போட்டதால் சீட்டுக்கு ஒரு வேலையும் வரவில்லை.

இரண்டு வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பாகம் பிரிக்க ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். என் கொழுந்தனார் பத்தாவது வரை படித்தவர். நாமக்கல்லில் இரண்டு நாள் விவசாயப் பயிற்சிக்குப் போய்ப் பேனாவும் பையும் வாங்கி வந்தவர். அன்றிலிருந்து கண்ணால் பார்ப்பதை நம்புவதை அவர் விட்டுவிட்டார். சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்து சபை நடுவில் வைத்து, மேட்டுக்காடு தனக்கு வேண்டும் என்றார். அப்பன் பாட்டனுக்கு மண் பார்க்கத் தெரியவில்லையாம், சாமையைப் போட்டு நல்ல பூமியை வீணடித்துவிட்டார்களாம், லாரி நேரே காட்டுக்கே வருமாம். சரி, ஒரு பைத்தியம் என்று விடலாமென்றால், மூத்தவன் நானிருக்க அது எப்படி அவனுக்கு என்று என் வீட்டுக்காரரும் எழுந்து நின்றார். பிறந்ததிலிருந்து அந்தக் கல்லில் கால் இடறி நடந்த இரண்டு பேர், ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தூ!

நான் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டேன். அது எருக்குழி மண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் சோம்பேறித்தனம் சந்தி சிரித்திருக்கும், அவ்வளவுதான். நான் சொன்னது வேறு.

"சின்னவங்க ஆசப்படறாங்க, குடுத்துருங்க. நாம பள்ளத்துலயே கெடந்துக்கலாம்."

சபைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். என்ன பெரிய மனசு என்று பெரியவர்கள் மெச்சி, மேட்டைக் கொழுந்தனாருக்கும் பள்ளத்தை எங்களுக்கும் பிரித்துவிட்டார்கள். கொழுந்தனார் பெண்டாட்டி, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெற்றவள்கூட இப்படி விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். நினைத்தால் இப்போதும் என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அந்த வருடமே மேட்டில் புது ரகக் குச்சி நட்டார்கள். நடுவது எங்கள் ஊரில் பெண்கள் வேலை, பெரும்பாலும் அவளே நட்டாள். இரண்டு பக்கத்துக் காட்டுக்காரர்களும் உரத்தைக் கொட்டினார்கள். கொழுந்தனார் சீட்டில் உள்ளபடி ஒரு பிடிகூடப் போடவில்லை. எருவும் போடவில்லை. பத்து மாதம் கழித்துப் பிடுங்கினால், இரண்டு பக்கமும் தொடை தொடையாகக் கிழங்கு, நடுவில் இவருக்கு விரல் விரலாக. மில் லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏற்றினால் டீசலுக்கே கட்டாது என்று வண்டியை எடுத்தார்.

மூளையுள்ளவன் அப்போதாவது சீட்டைச் சந்தேகப்படுவான். இவர் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டார். சீல் குத்திய காகிதம் தப்பாகுமா? மண் நல்ல மண், குச்சி நல்ல குச்சி, அப்படியானால் நட்ட கைதான் ராசியில்லாத கை. அடுத்த வருடம் அவளை வரப்பில் உட்கார வைத்துவிட்டுக் கூலிக்கு ஆள் விட்டு நட்டார். அப்போதும் அதே விரல்கள்தான். குச்சிக்கட்டை அவள் சுமந்து வந்தாளே, அதுதான் காரணம் என்றார். படித்த மேதை!

ஊர்ப் பெண்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? நடவுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் பக்கத்தில் வந்தால் விதைக்கூடையை நகர்த்தி வைத்தார்கள். அந்தப் பெண் தண்ணீர்க் குழாயடிக்கு எல்லாரும் போன பிறகு தனியாக வரப் பழகிக்கொண்டாள். நான் சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. கையில் என்னடி ராசி இருக்கிறது, அறிவு கெட்ட ஜென்மங்களே என்று அவளுக்காக ஊரோடு சண்டை போட்டேன். எருக்குழியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். ஊரிலேயே வாய் நீண்டவள் நான், ஒரு குடும்பத்தையே கெடுத்தேன். சொன்னால் பாகத்தைத் திருப்பிப் பிரிக்கச் சொல்வார்கள், பள்ளக்காட்டில் பாதி போகும். வேறு ஒரு காரணமும் கிடையாது. பயம் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது, ஆசை.

மூன்றாம் வருடம் மேட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கும் வேலைக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். மழை பிடித்திருந்த மாதம். பள்ளக்காட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நான் மிளகுக் கொடி நட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொல்லிக்கொண்டு போக வந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் ஒரு கொடியை எடுத்து நீட்டினேன்.

"ஒண்ணு நட்டுட்டுப் போ கண்ணு. உன் ஞாபகமா இருக்கட்டும்."

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாங்கக்கா. என் கை ஆகாதுங்க. நீங்களாவது நல்லா இருக்கோணும்."

அவள் குரலில் கோபமோ குத்தலோ ஒரு பொட்டு இல்லை. என் காட்டை அவள் கையிலிருந்து அவளே காப்பாற்றிக் கொடுக்கிறாள். ஊர் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இனி எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கையை ஒளித்துக்கொண்டுதான் போவாள். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் பள்ளக்காடு ஓடைவரை பச்சையாகக் கிடந்தது. அதையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ சாமி" என்றேன்.

பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.