பெரணிக்கு ஊற்றிய தண்ணீர்

செடியக்கா என்றால்தான் அந்தக் குடியிருப்பில் அவளைத் தெரியும். வேலை, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது. நாள் முழுக்க ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தை அரைத்துவிட்டு வீடு திரும்பினால், பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே பால்கனிக்குத்தான் போவாள். அங்கே கரித்துண்டும் மரப்பட்டையும் நிரப்பிய தொட்டிகளில் ஆர்க்கிட் வளர்த்தாள். இலை விடும், வேர் விடும். மொட்டு மட்டும் பட்டாணி அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். வேன் ஓட்டுகிற அவள் கணவர், "இதுங்க நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வந்துட்டு, போக மனசில்லாம தங்கிருச்சுங்க" என்பார்.

கடைக்கு வந்த ஒரு அம்மாள்தான் வழி சொன்னாள். காற்று காய்ந்து கிடக்கிறது, ஆர்க்கிட்டைச் சுற்றிப் பெரணி, அதுதான் ஃபெர்ன் செடி, வை, அதன் ஈரத்தில் மொட்டு நிற்கும் என்றாள். செடியக்கா தேடிப் பிடித்துப் பெரணி வாங்கி வந்தாள். ஆனால் இரண்டுக்கும் குணம் வேறு. ஆர்க்கிட்டுக்கு வேர் காய்ந்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். பெரணிக்கோ மண் ஒரு வேளைகூடக் காயக் கூடாது. பெரணித் தொட்டிகளுக்கடியில் தட்டு வைத்து, கூழாங்கல் பரப்பி, தட்டு நிறைந்து வழிகிறவரை ஊற்றினாள். வழிந்தது எங்கே போகிறது என்று அவள் பார்க்கவில்லை. மொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மொட்டு நின்றது. பச்சைப் பெரணிக்கு நடுவே வெள்ளையும் ஊதாவுமாக ஒரு கொத்து மலர்ந்தபோது பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு எல்லாம் செல்போனோடு வந்து நின்றன. தான் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட யாரும் இப்படி எட்டிப் பார்க்கவில்லை என்று கணவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செடியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில்தான் கீழ் வீட்டுக்காரி படியேறி வந்தாள். அவள் கணவன் டைல்ஸ் போடுகிறவன். வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர். அவர்களுடைய பின்னறை செடியக்காவின் பால்கனிக்கு நேர் கீழே. அந்த அறையின் ஒரு சுவருக்கு மறுபுறம் குளியலறை. அந்தச் சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்வதாகவும், பிள்ளைகளின் துணியெல்லாம் பூஞ்சை பிடிப்பதாகவும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, ஒருவேள உங்க செடித்தண்ணியா இருக்குமோன்னு…"

பூவைப் பார்க்க வந்தவர்களின் முன்னால் இப்படிக் கேட்டுவிட்டாளே என்று செடியக்காவுக்குச் சுருக்கென்றது.

"நான் செடிக்குத் தண்ணி தெளிக்கிறேன்மா, கிணறு வெட்டல. உன் வீட்டுக்காரர் போட்ட பாத்ரூம்ல எங்க ஓட்டைன்னு முதல்ல பாக்கச் சொல்லு."

நாலு பேர் சிரித்தார்கள். கீழ் வீட்டுக்காரியும் சிரித்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அந்த வார விடுமுறையில் கீழேயிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. தன் கையால் போட்ட தரையை டைல்ஸ்காரன் தன் கையாலேயே உடைத்தான். கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தும் புதிதாகச் சிமெண்டு பூசி, முழுவதையும் மறுபடி போட்டான். சுவர் காயவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, தூசி தட்டலாம் என்று செடியக்கா பெரிய பெரணித் தொட்டியை நகர்த்தினாள். அடியில் இரண்டு தரைக்கல்லுக்கு நடுவில் சிமெண்டுப் பூச்சே இல்லை. சந்தேகத்தில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். தேங்கவில்லை, ஓடவில்லை, தரை அதை அப்படியே குடித்துவிட்டது.

கீழ் வீட்டுச் சுவர் ஊறியது இதனால்தான். கீழே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் பெரணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளியலறை ஜன்னலோரம் வைத்தாள். பால்கனியைத் துடைத்து உலர விட்டாள். ஏன் என்று கேட்ட கணவரிடம், பூச்சி வந்துவிட்டது என்றாள். துணையில்லாமல் நின்ற ஆர்க்கிட்டுகள் மிச்ச மொட்டையும் உதிர்த்தன. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

கீழ்ச் சுவர் காய ஆரம்பித்தது. காய்ந்ததுதான் வினையாகப் போயிற்று. ஒருநாள் படிக்கட்டில் கீழ் வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னதுதான் சரிக்கா. அவர் வேலையிலதான் கோளாறு. திரும்பப் போட்டப்புறம் மெல்ல மெல்ல சுவரு காஞ்சிருச்சு." கணவன் இப்போது முன்போலத் தனியாக வேலை எடுப்பதில்லை, கை தப்பிப்போச்சு என்று சொல்லி இன்னொருவரிடம் கலவை கலக்கப் போகிறான் என்றும் சொன்னாள். செடியக்கா, "ஆமாம்மா, ஆமாம்மா" என்றாள். எதற்கு ஆமாம் போட்டோம் என்று நினைத்து நினைத்து அன்று சோறு இறங்கவில்லை.

அதன்பின் கீழ் வீட்டுக் கதவு திறந்திருந்தால் அதைச் சாத்தும்வரை மாடியிலேயே நிற்பாள். சொல்லிவிடலாம் என்று தோன்றும். கூடவே, அன்று நாலு பேர் சிரித்த அந்தச் சிரிப்பும் காதில் கேட்கும். நாள் தள்ளிப்போனது. தள்ளத் தள்ளச் சொல்வது இன்னும் கனத்தது.

ஒரு மதியம் டைல்ஸ்காரனே கடைக்கு வந்தான். அவளைப் பார்த்ததும் சங்கடமாகச் சிரித்தான். கண் சோதிக்க வேண்டுமாம். "மட்டம் பாக்குறதுல எங்கயோ தப்பு விடுறேங்க்கா. கண்ணுதான் போயிருக்கும். ஒரு கண்ணாடி போட்டா சரியாயிடும்." சொல்லும்போது அவன் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. கோளாறு கண்ணில் என்றால் கை தப்பித்துவிடுமல்லவா!

உள்ளே எழுத்துகளை ஒவ்வொரு வரியாக அவன் படித்துக்கொண்டே போவது அவளுக்குக் கேட்டது. கடைசி வரியையும் தடங்கலில்லாமல் படித்தான். கண் சோதிப்பவர் வெளியே வந்து, கண்ணாடியே வேண்டாம், பார்வை நன்றாக இருக்கிறது என்றார். நல்ல செய்திதான். ஆனால் அவன் முகம் விழுந்துவிட்டது. எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளைப் பார்த்தபடி நின்றான்.

செடியக்கா மேசையைச் சுற்றி வந்தாள்.

"தம்பி, உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. தண்ணி என் பால்கனியிலேர்ந்துதான் வந்துச்சு."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கல்லிடுக்கைப் பற்றிச் சொன்னாள், பெரணிகளை மாற்றி வைத்ததைச் சொன்னாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"சுவரு காயறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவன் திட்டுவான் என்று நின்றாள். திட்டியிருந்தால் தேவலை. "என் வீட்டுல வந்து நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, சமாளிக்கிறேன்னு நினைப்பா" என்றான். போய்விட்டான்.

அன்று மாலை அவள் கணவரிடம் முதலில் சொன்னாள். அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. நானும் வரட்டுமா என்று மட்டும் கேட்டார். வேண்டாமென்று தனியாகவே இறங்கினாள். கீழ் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். படியில் ஏறிக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரரும் நின்று கேட்டார். கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தவில்லை.

கீழ் வீட்டுக்காரி அழவில்லை. "நானும்தான் அவரப் பேசிட்டேன்" என்றாள், ரொம்ப மெதுவாக. "சோத்துத் தட்ட வச்சிட்டுப் பேசினேன். அத நான் எங்க போயிக் கழுவுறது?"

செடியக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். சற்றுப் பொறுத்து, கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

டைல்ஸ்காரன் மறுபடி தனியாக வேலை எடுக்கத் தொடங்கினான். அவள் பால்கனியையும் அவன்தான் சரிசெய்தான். வேறு ஆளைக் கூப்பிடத்தான் அவள் நினைத்திருந்தாள். தானே போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினான். கல்லையெல்லாம் பெயர்த்து, நீர்க்காப்புப் பூசி, தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் ஓடும்படி சரிவு வைத்தான். அவள் கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

பெரணிகள் மறுபடி ஆர்க்கிட்டுக்குப் பக்கத்தில் வந்தன. இப்போது தட்டில் தண்ணீரை அளந்துதான் ஊற்றுகிறாள். ஊற்றியபின் குனிந்து தரையைத் தடவிப் பார்க்கிறாள். அடுத்த பூ வந்தபோது யாரையும் கூப்பிடவில்லை. வந்து கேட்டவர்களுக்குக் காட்டினாள். பூவைப் புகழ்ந்தால் அவளுக்குக் காது மடல் சூடாகும், பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒருநாள் படிக்கட்டு வளைவில் டைல்ஸ்காரன் சிமெண்டு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தான். அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். அவன் தாண்டிப் போய், இரண்டு படி இறங்கி நின்றான்.

"தரை தாங்குதாக்கா?"

"தாங்குது தம்பி."

"ம்" என்று சொல்லி, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு அவன் இறங்கிப் போனான். அவள் அங்கேயே நின்றாள். அவன் செருப்புச் சத்தம் அடங்கிய பிறகுதான் மேலே ஏறினாள்.