ஃபோர்மேன் வைத்த சைக்கிள் பரீட்சை

எம். புதுப்பட்டி பாண்டிலட்சுமி பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனித் தரையில் குந்தி சரவெடி பின்னியவள். டிஸ்க் விலகி, மதுரையில் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டாள். ஃபோர்மேன் வெள்ளைத்துரை நாலு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். நலம் விசாரிக்க இல்லை. கேஸ் கீஸ் போடுவாளா என்று மோப்பம் பிடிக்க. பழத்திலும் இரண்டு அழுகல்.

ஆறு மாதம் கழித்து, நின்றபடி செய்கிற பேக்கிங் வேலையைக் கேட்டுப் போனாள். அது கிடைக்காவிட்டால் மகள் ஓவியா பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டாசுக்கு வர வேண்டியதுதான்.

"முதுகைக் கிழிச்ச ஆளை எப்பிடிம்மா நம்பிச் சேக்குறது? ஊர்லருந்து இங்கன வரைக்கும் சைக்கிள்ல வந்து காட்டு, பாப்போம்" என்றார் வெள்ளைத்துரை. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனுஷன் வைக்கிற பரீட்சையைப் பாருங்கள்!

டாக்டரைக் கேட்டாள். "ஓட்டலாம்மா. மேடுபள்ளத்துல மட்டும் எறக்கிறாதீங்க, முதுகு குலுங்கக் கூடாது" என்றார்.

ஓவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்தாள். முதல் நாள், காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடவே முடியவில்லை. சைக்கிளைத் தொட்டு இருபது வருஷமான எதிர்வீட்டுச் சோலைச்சாமி, "இடுப்ப வளைக்காத, தோளத் தூக்கு" என்று தெருவில் நின்று உத்தரவு போட்டார். பின்னால் பிடிக்க மட்டும் ஒருத்தருக்கும் கை வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனான நானும் கை கட்டித்தான் நின்றேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாதத்தில் நாலு கிலோமீட்டரையும் மிதித்து, கம்பெனி கேட்டில் போய் இறங்கினாள். வெள்ளைத்துரை கை தட்டினார். "சபாஷ்! நாளைக்கே வேலைக்கு வா" என்றவர், ஊர் ஆட்களை ஏற்றி வருகிற கம்பெனி வேன் லிஸ்டில் இருந்த அவள் பெயரை அடித்தார்.

"அதான் சைக்கிள் மிதிக்கியே, வேன் எதுக்கு உனக்கு?"

இந்த மூளை வேறு யாருக்கு வரும்!

மறுநாள் காலை பாதி வழியில், அவளுக்குப் பின்னால் வேன் ஹாரன் அடித்தது. முன் சீட்டில் வெள்ளைத்துரை. பைக்கில் வந்தால் அவருக்கு இடுப்பு வலிக்கிறதாம்.

"ஏ, ஓரமாப் போ! லோடு ஏத்த நேரமாகுதுல்ல!" என்று கத்தினார்.

பாண்டிலட்சுமி திரும்பிப் பார்க்கவில்லை. "ஓரமெல்லாம் குண்டும் குழியுமாக் கெடக்கு அண்ணாச்சி. எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காக."

ஒரு வேன் போகிற அகலமே உள்ள ரோடு அது. கம்பெனி கேட் வரைக்கும் அவள் நடுரோட்டிலேயே, அவசரப்படாமல் மிதித்தாள். வேன் அவள் பின்னாலேயே உருண்டு வந்தது.