ஞாயிற்றுக்கிழமை சைரன்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் ஷேர் ஆட்டோவில்தான் போவார்கள். ஜெனிபர் மட்டும் நடந்து போவாள். வெயிலோ மழையோ லாரிப் புழுதியோ, நடைதான். திமிர் பிடித்தவள் என்று ஆட்டோக்காரர்கள் சொல்வதுண்டு. நான் வாயைத் திறப்பதில்லை. அவள் ஏன் நடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தில் பாதி நான்தான். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆரம்பாக்கத்துப் பெண். அப்பா சின்னதுரை அடுத்தவர் நெல்லை அறுத்தே ஆயுளைக் கழித்தவர். அந்த வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் டிப்ளமோ வாங்கியவள் இவள். அப்போது எங்கள் இரும்பு உருக்காலையில் சர்வர் அறை அவள் பொறுப்பு. புருஷன் ஜோஷ்வா அதே ஆலையில் உலைப் பிரிவு. நான் மோகன்ராஜ், பாதுகாப்புப் பிரிவு. பெயரில்தான் பாதுகாப்பு.

உலைக்குக் கீழே ஒரு குழி. ஞாயிறுதோறும் உலையை அணைத்துவிட்டு ஆள் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். சில சமயம் அங்கே விஷவாயு தேங்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குழிக்குள் இருக்கும் கருவி அதைக் கண்டுபிடித்தால் சைரன் அடிக்கும். அடித்த இரண்டு நிமிடத்துக்குள் மேலே வந்துவிட வேண்டும் என்று பலகை எழுதி மாட்டியவனே நான்தான். முன்பு கருவியிலிருந்து சைரனுக்கு நேராக ஒயர் ஓடியது. மேனேஜர் மணவாளனுக்கு எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க ஆசை வந்தது. ஒயரைப் பிடுங்கி எறிந்து, சைரனையும் சர்வர் வழியாக மாற்றினார். நல்லா இருந்த ஒயர்.

சர்வர் என்பது ஒரு பெட்டிதான். அதற்குள் பத்துப் பொய்க் கம்ப்யூட்டர்கள் ஓடும், சைரனைப் பார்த்துக்கொள்வது அதில் ஒன்று. வெர்ச்சுவல் மெஷின் என்பாள் ஜெனிபர். பொய்க் கம்ப்யூட்டர் ஒரு செய்தியை வெளியே அனுப்ப வேண்டுமானால் வரிசையில் வைத்துவிட்டு, பெட்டிக்கு ஒரு மணி அடிக்கும். பெட்டி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து எடுத்துப் போகும். ஒவ்வொரு செய்திக்கும் மணி அடித்தால் அது எந்த வேலையைத்தான் பார்க்கும்? திரையெல்லாம் திக்கித் திணறியது, மணவாளன் கத்தினார். ஜெனிபர் புது டிரைவர் போட்டாள். செய்திகளை வெளியே தள்ளுகிற புரோகிராமுக்கு அதுதான் பெயராம்.

"ஷேர் ஆட்டோ மாதிரிண்ணே," என்றாள் என்னிடம். "பின்னாடி இன்னும் ஆள் வருதுன்னா மணி அடிக்காம நிக்கும். கடைசி ஆள் ஏறுனதும் ஒரே மணி, மொத்தமா கிளம்பிரும்."

திரை பறந்தது. ஒரு புதன்கிழமை, உலை ஓடும் நேரத்தில், பத்துத் தடவை சைரனைச் சோதித்தோம். பத்துத் தடவையும் கண்ணிமைப்பதற்குள் அடித்தது. மணவாளன் கேக் வெட்டினார். நானும் தின்றேன்.

புது டிரைவர் போட்ட பிறகு நாலாவது ஞாயிறு. ஆள் இறங்குவதற்கு முன் சைரனைச் சோதிப்பது வழக்கம். பொத்தானை அழுத்தி ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் அடித்தது. "இன்னாண்ணே, சைரனும் சண்டே லீவா?" என்று சிரித்துக்கொண்டே ஜோஷ்வா ஏணியில் இறங்கினான். "சைரன் ஒலித்தது, சற்றுத் தாமதம்" என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். குழிக்கு மேலே ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஆள் நான். ஏப்ரல் வெக்கை தாங்கவில்லை. அதான் சைரன் இருக்கிறதே என்று சர்வர் அறை ஏசிக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் சர்வருக்கும் பராமரிப்பு. ஜெனிபர் அங்கே இருந்தாள். என் ரிஜிஸ்டரை எடுத்துச் சும்மா புரட்டினாள்.

"இன்னாண்ணே இது? எல்லா ஞாயித்துக்கெழமயும் லேட்டுன்னு எழுதிக்கீறீங்க?"

"ஒரு நிமிஷம், ஒன்றர நிமிஷம். அவ்ளோதாம்மா. அடிச்சிச்சு இல்ல?"

"வார நாள்ல?"

"அப்பல்லாம் கரீட்டா அடிக்குது."

அவள் ரிஜிஸ்டரை மூடினாள். திரைப் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா வர்ற செய்தி கெட்டுப்போயிருந்து, அந்த ஆள ஏத்தாம கேட்லயே தொரத்திட்டா?" என்றாள், எனக்கா தனக்கா தெரியவில்லை. "மணி அடிக்க வேண்டியதே அவன் ஏறுனாதான். முன்னாடி ஏறுனவன் உள்ளயே குந்திகினு இருப்பான், அடுத்த ஆள் வர்ற வரைக்கும். வார நாள்ல உடனே எவனாவது வந்துருவான், யாருக்கும் தெரியாது. இன்னிக்கு மெஷின் எல்லாம் ஆஃப். யாருண்ணே வருவா?"

சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"குழியில யாரு?"

"உன் ஊட்டுக்காரன்."

"மேல யாரு நிக்கறாங்க?"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

அவள் கீபோர்டை இழுத்தாள். வெறும் செய்தி ஒன்று, உள்ளே எதுவும் எழுதாதது, அடுத்த ஆளாக அனுப்பினால் போதும், ஏதாவது நின்றிருந்தால் கிளம்பிவிடும் என்றாள். ஒன்றும் நின்றிருக்காது, சும்மா பார்க்கலாம் என்றும் சொன்னாள். தட்டினாள்.

சைரன் அலறியது.

சைரனை நாங்கள் யாரும் தொடவில்லை. திரையில் ஒரு வரி வந்து நின்றது. குழி, வாயு அபாயம், 10.06. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 10.13. அந்தச் செய்தி ஏழு நிமிடமாக உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அவள் முன்னால் ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். உலைப் பிரிவு முழுக்கச் சைரன் காதைக் கிழித்தது. நான் எழுதிய இரண்டு நிமிடப் பலகை அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏணியில் யாரும் ஏறிக்கொண்டிருக்கவில்லை.