கடற்கரை மணலில் நட்ட குச்சிகள்

அண்ணே, உன் மேல்தான் எனக்கு முதல் கோபம். காய்ச்சலோடு வேலைக்குப் போகாதே என்று அம்மா வாசலை மறித்து நின்றாள். துறைமுகக் குடியிருப்பில் அதிகாரி வீட்டுத் தோட்டம் காய்ந்துவிடும் என்று போனாய். நாலாம் நாள் உன்னைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

அடுத்த கோபம் அந்த அதிகாரி மேல். நீ அங்கே வளர்த்த ஆரஞ்சு நிறக் காகிதப்பூச் செடியை, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, உன் முப்பதாம் நாள் பூசைக்கு முன்பே வெட்டச் சொல்லிவிட்டார். குப்பையில் கிடந்த கிளைகளை அள்ளிக்கொண்டு வந்தேன். ஒன்றாவது வேர் பிடித்தால் உன் கல்லறையில் வைக்கலாம். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நீ வைத்திருந்த வேர்ப்பொடி சீசா பரணில் இருந்தது. குச்சியின் அடியை நனைத்து, பொடியில் தொட்டு மணலில் நடுவாய். அவ்வளவுதான் நான் பார்த்தது. நிறைய வைத்தால் நிறைய வேர் வரும் என்று, மசாலா தடவுகிற மாதிரி அப்பினேன். மணல் என்றால் நமக்குக் கடற்கரை மணல்தானே. அதைத் தகர டப்பாக்களில் நிரப்பி இருபது குச்சி நட்டேன்.

உன் பெண்டாட்டி பார்த்துக்கொண்டு நின்றாள். ஆற்றங்கரை வயல்காட்டில் பிறந்தவள்.

“ஏளா, கருவாடா போடுத? உப்பு மண்ணுல எந்தக் குச்சி வேர் விடும்?”

“ஒங்க ஊரு வித்தைய ஒங்க ஊர்லயே வச்சுக்கிடுங்க மைனி. அவன் எனக்கு அண்ணன்.”

“எனக்கு மட்டும் அவுக யாராம்?”

பத்து நாளில் பதினேழு குச்சி அடி கறுத்து அழுகியது. மிச்சம் மூன்றையும் டப்பாவோடு கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

“நீங்களே செய்யுங்க. செத்துச்சுன்னா ஒங்களத்தான் கேப்பேன்.”

“எது செத்தாலும் ஒனக்கு யாரையாவது கேக்கணும்” என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்தாள். ஆற்று மணல். என்னிடம் சொல்லாமலே ஊரிலிருந்து வரவழைத்திருக்கிறாள். அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது. குச்சிகளின் அடியைப் புதிதாக நறுக்கி, பொடியில் லேசாகத் தொட்டு, மிச்சத்தைத் தட்டி உதிர்த்துவிட்டு நட்டாள்.

ஒன்று வேர் விட்டது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் இரண்டு பேரும் நடந்துபோய் அதை உன் தலைமாட்டில் வைத்தோம். அங்கேயும் உப்பு மண்தான். ஆழமாகத் தோண்டி, மைனி சாக்கு மணல் முழுவதையும் குழியில் கொட்டினாள்.

எனக்குக் கோபம் போகவில்லை. முழங்கால் போட்டால் ஜெபத்துக்குப் பதில் திட்டுத்தான் வாயில் வருகிறது. இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும், என் அண்ணனுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.