கல்லுக்கு இன்னொரு பேர்

தூரத்து மலைநாடு ஒன்றில், நரின் ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றின் மருத்துவமனையில், கடைசி அறையில் இருபத்திரண்டு வருடமாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்துவரும் புருல்சாவுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் கிலுகிலுப்பைக்காரி. "பட்டணத்துல படிச்சிட்டு வந்து தினைக்குள்ள கைய விட்டுத் துழாவுறா, அதுக்குச் சம்பளம் வேற" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். அவள் அசர மாட்டாள்.

அறையில் கடை பொம்மை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு தாம்பாளம் நிறையத் தினை, கழுவிக் காயவைத்த ஆட்டுக் கணுக்கால் எலும்புகள், அவளே உருட்டிய கம்பளிப் பந்துகள், ஆற்றுக் கல், இரும்புக் குண்டு, அவ்வளவுதான். தினைக்குள் புதைத்ததைப் பிள்ளை தேடி எடுத்து, அதன் பேரைச் சொல்ல வேண்டும். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வந்தே தீரும் என்பாள். பெரும்பாலும் வந்தது. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தாய்மார் கதவுக்கு வெளியேதான் உட்கார வேண்டும் என்ற சட்டமும் அந்தத் தலைக்கனம் போட்டதுதான்.

நவம்பரில் ஜிபார் தன் ஆறு வயது மகள் பெகாயிமைக் கூட்டி வந்தாள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். வீட்டில் மாமனாரும் இவர்களும்தான்.

"ஏப்ரல்ல பிள்ளைங்களச் சோதிக்கிற பள்ளிக் குழு வருதாம் அக்கா. இவ பேசலேன்னா நகரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பிருவாங்களாம். கணவாய் தாண்டி ஆறு மணி நேரம். என்னை விட்டுட்டு எப்படிப் படுப்பா?"

"தொடுற பொருளையெல்லாம் வீட்டுல பேர் சொல்லிக் காட்டு. ஒரு நாளைக்கு அம்பது தடவை."

"சொல்றேன் அக்கா. வீட்டுல கொஞ்சம் பேசவும் செய்றா."

"எல்லா அம்மாவும் இதத்தான் சொல்வீங்க" என்று கதவைச் சாத்தினாள் புருல்சா.

முதல் வாரமே பெகாயிம் கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு "கெ..." என்றாள்.

"கெ இல்லடி கண்ணு. கல். எங்க சொல்லு, கல்."

மறுநாளும் "கெ". மறுநாளும் புருல்சா இல்லையென்று தலையை ஆட்டினாள். மூன்றாம் வாரத்திலிருந்து பெகாயிம் கல்லைத் தடவுவதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த அறையில் அதற்குப் பிறகு குளிர்காலம் முழுக்க வாயே திறக்கவில்லை.

ஏப்ரலில் குழு வந்தது. பையில் கைவிட்டு நான்கு பொருள் எடுக்க வேண்டும், மூன்றுக்குப் பேர் சொன்னால் ஊர்ப் பள்ளி. தாய் உடனிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஜிபாருக்கு உள்ளே நாற்காலி போட்டார்கள். வண்டியில் கூட்டி வந்த மாமனார் தாஷ்தெமிர் வாசற்படியில் நின்றார்.

பெகாயிம் முதலில் பந்தை எடுத்தாள். "கம்பளி" என்றாள், அம்மாவைப் பார்த்து. அடுத்தது கல். "கெட்டி." அடுத்தது இரும்புக் குண்டு. "ஜில்லு." எலும்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுதான் சரி" என்றாள் குழுத் தலைவி.

புருல்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் மொழியில் தாஷ் என்றால் கல், தெமிர் என்றால் இரும்பு. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லக் கூடாது. புருல்சா சொன்னபடியே ஜிபார் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள், தன் வாயில் வரக்கூடிய சொல்லை.

"அம்மா, அது தப்பில்ல! அவங்க வீட்டுல கல்லுக்கு அதான் பேர். மாமனார் பேரு தாஷ்தெமிர்!" என்றாள் புருல்சா தலைவியிடம்.

தலைவி நகரத்துக்காரிதான், ஆனால் கல்நெஞ்சக்காரி இல்லை. பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். "காய்ஞ்ச ரொட்டியும்தான் கெட்டி. சரி, தாயே சொல்லட்டும். கெட்டின்னா உங்க வீட்டுல என்னம்மா?"

ஜிபார் வாசலைப் பார்த்தாள்.

"சொல்லு தாயி" என்றார் கிழவர். "என் பேருதானே, சொன்னா தேஞ்சா போயிடும்? வேணும்னா நான் வெளிய போய் நிக்கிறேன்." போயும் நின்றார்.

ஜிபார் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எட்டு வருடம் சொல்லாத சொல் அது. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளிடம் பார்த்த அதே வாயைப் புருல்சா அன்று ஒரு தாயிடம் பார்த்தாள். பெகாயிமோ பாவம், அம்மாவுக்கு உதவுவதாக நினைத்து, கல்லை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கெட்டிங்க" என்று ஜிபார் அழுதுவிட்டாள்.

"எனக்குப் புரியுது. ஆனா இந்தக் கட்டத்துல அத எழுத இடமில்ல" என்று சொல்லி, தலைவி ஒன்று என்று எழுதினாள்.

அன்று மாலை புருல்சா தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். நவம்பர் மாதத்துப் பக்கங்களில் அவளுடைய அழகான கையெழுத்தில் இருந்தது: 'கெ என்ற ஒலி. திருத்தப்பட்டது.' ஒரு நாள் விடாமல், பன்னிரண்டு இடத்தில். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி. அதை உள்ளே இழுத்துப் போட்டிருந்தால் போதும். அந்த வெட்கம் அவளைக் கடைசிவரை விடவில்லை.

செப்டம்பரில் பெகாயிமைப் பேருந்தில் ஏற்றினார்கள்.

குளிர்கால விடுமுறையில் ஜிபாரைச் சந்தையில் பார்த்த புருல்சா, தலையைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தாள். ஜிபார் விடவில்லை, கூப்பிட்டாள்.

"பெகாயிம் வந்திருக்கா அக்கா. இப்ப எல்லாம் பேசுறா. கல்லுங்கறா, இரும்புங்கறா, கணீர்னு. எங்க மாமாவுக்கு ஒரே சிரிப்பு."

"நல்லதும்மா."

"நல்லதுதான்." ஜிபார் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நேத்து அடுப்புக்கிட்ட, அந்தக் கெட்டிய எடுடின்னேன். கெட்டின்னா என்னம்மான்னு கேக்குறா."