முனிராஜு அடித்தது அப்படியே இருக்கட்டும்

முனிராஜு போய்விட்டான் என்று என் பேரன் தினேஷ் போன் செய்தபோது, நான் சூளகிரி சந்தையில் கொத்தமல்லிக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலின்னு உக்காந்தானாம் அவ்வா, எந்திரிக்கவே இல்ல" என்றான். முப்பத்து மூன்று வயது. அவன் டிரம்ஸ் அடித்ததைக் கேட்டவர்களுக்காகவும், கேட்டுவிட்டு என் வீட்டு வாசலில் வந்து திட்டியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஊர் ஊராக மேடை ஏறிய அவன் ராக் குழு என் பட்டுப்புழுக் கொட்டகையில் தொடங்கியது. புழு வளர்ப்பதை நான் விட்டிருந்த சமயம். தினேஷ் பாடுவான், இரண்டு பேர் கிட்டார், முனிராஜு டிரம்ஸ். முதல் ஆல்பத்தின் எட்டுப் பாட்டும் அங்கேதான் பதிவாயின. அப்போது அதை யாரும் சீண்டவில்லை. எதிர்வீட்டு லட்சுமம்மா, "ஏன்க்கா, கொட்டாயில கிரஷர் போட்டுட்டியா?" என்று கேட்டாள். "போட்டுட்டேன். ஜல்லி வேணும்னா சொல்லு" என்றேன்.

முனிராஜுவுக்கு, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. கை நசுங்காமலிருக்க, அங்கே இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மிஷின் இறங்கும். ஷிஃப்டு முழுக்க அப்படியே பழகியவன், டிரம்ஸில் மாறி மாறி அடிக்க வேண்டிய இடத்திலும் இரண்டு குச்சியையும் சேர்த்து இறக்கிவிடுவான். பெங்களூரிலிருந்து வந்த வாத்தியக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இதை எங்கப்பா கத்துக்கிட்ட?" என்றார். "கம்பெனியிலதான் சார், ஏழு வருசம். பி.எஃப். புடிச்சுக்கிட்டே கத்துக் குடுத்தாங்க" என்றான். அவர் சிரிப்பு நின்றது.

இரண்டாவது ஆல்பத்துக்குள் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டான். அந்த ஆல்பம் நன்றாக ஓடியது. உடனே பாட்டுக் கம்பெனி, முதல் ஆல்பத்தை எடுத்துவிட்டு அதே பாட்டுகளைப் புதிதாகப் பதியலாம் என்றது. முனிராஜு மறுத்துவிட்டான். "இப்போ நல்லா அடிக்கறேன் அவ்வா. ஆனா அப்போ அடிச்சதும் நான்தானே" என்றான்.

பதினோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பாட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். அதே எட்டுப் பாட்டுக்கும் வேறொருவரை அடிக்க வைத்து, முனிராஜு படத்தைப் போட்டு வெளியிட்டால் அவனுக்கு மரியாதையாக இருக்கும் என்றார்.

"மத்தவங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க அவ்வா" என்றான் தினேஷ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"படம் அவனுது, அடி இன்னொருத்தனுதா? அதுக்கு நீ பாடுவியாடா?"

தினேஷ் கம்பெனிக்காரரிடம் திரும்பி, "நான் பாட மாட்டேன் சார். பழசு பழசாவே இருக்கட்டும்" என்றான். நான் வளர்த்த பிள்ளை என்று எங்கும் நிமிர்ந்து சொல்வேன்.

கிட்டார்க்காரர்கள் இருவரும் கோபித்துக்கொண்டார்கள்; இப்போது கொட்டகைக்கு வருவதில்லை. குழு உடைந்தால் எனக்கும் வருத்தம்தான். அதற்காக அந்த எட்டுப் பாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். முனிராஜுவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் பிடிவாதம். கொட்டகை திறந்தே இருக்கிறது. வருகிறவர்கள் வந்து புதிதாக எதையாவது வாசிக்கட்டும். அவன் அடித்ததில் யாரும் கை வைக்க வேண்டாம்.